கலிபோர்னியாவில் அறநிதிக்காகப் போக்கர் போட்டி நடத்துவது எப்படி: பதிவு, கட்டணம், காலம்

கலிபோர்னியாவில் பதிவு பெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று, நிதி திரட்டுவதற்காக ஒரு மாலைப் பொழுதில் போக்கர் என்னும் சீட்டாட்டப் போட்டி நடத்த மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. வணிக, தொழில்முறைச் சட்டத் தொகுப்பின் 19986ஆம் பிரிவு அதற்கான விதிகளை வகுக்கிறது. அவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில நீதித்துறையின் கீழ் இயங்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுப் பணியகம். சங்கக் கூட்டங்களில் இந்த யோசனை எழும்போதெல்லாம் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘லைசென்சுக்கு எவ்வளவு ஆகும்?’ என்பதுதான். உண்மையில் அந்தக் கட்டணம் இந்த வேலையின் மிகச் சிறிய செலவுகளில் ஒன்று. உங்கள் அமைப்பின் பழைய தாள்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் செலவை அடக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளே போட்டி நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு சிறிய அமைப்பின் பொருளாளராக இந்த அலுவலகங்களோடு மல்லுக்கட்டிய பிறகு, அடுத்து வருபவர்களாவது சரியான வரிசையில் தொடங்கட்டும் என்று இதை எழுதுகிறேன். கட்டணங்களும் படிவங்களும் அவ்வப்போது மாறுபவை என்பதால், காசோலை எழுதும் நாளில் அந்தந்த அலுவலகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. அமைப்புக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள்

இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, போட்டி நடக்கும் நாளுக்கு முன் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது உங்கள் அமைப்பு கலிபோர்னியாவில் செயல்படத் தகுதி பெற்றதாக இருந்திருக்க வேண்டும். இதை உங்கள் சங்கம் முதல் பொங்கல் விழாவைக் கொண்டாடிய ஆண்டிலிருந்து எண்ணக் கூடாது. மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிவான தேதியிலிருந்து எண்ண வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவு செய்துவிட்டுப் பின்னர் கலிபோர்னியாவில் தகுதிப் பதிவு பெற்ற அமைப்பு என்றால், கலிபோர்னியாப் பதிவின் தேதியே கணக்கு.

இரண்டாவது நிபந்தனை மாநில வரிவிலக்கு. அறப்பணி அமைப்புகளுக்கு இது வருவாய், வரிச் சட்டத் தொகுப்பின் 23701டி பிரிவின்கீழ் கிடைக்கிறது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கூட்டரசு வரித்துறையிடமிருந்து 501(சி)(3) என்னும் அறப்பணி வரிவிலக்குக்கான தீர்மானக் கடிதம் வந்துவிட்டாலே மாநில விலக்கும் தானாக வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வருவதில்லை. ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டு என்னும் மாநில வரி அலுவலகத்துக்கு 3500ஏ படிவத்தையும் கூட்டரசுக் கடிதத்தின் நகலையும் தனியாக அனுப்பி விலக்குப் பெற வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. இதைச் செய்யாமல் விட்ட அமைப்பை மாநிலம் சாதாரண நிறுவனமாகவே கருதும்; ஆண்டுக்கு 800 டாலர் குறைந்தபட்ச வரி கேட்டுக் கடிதம் வரும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

வெவ்வேறு ஊர்களில் கிளைகள் உள்ள அமைப்பு என்றால், கிளை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு போட்டி என்று நடத்தலாம். கிளை இல்லாத அமைப்புக்கு ஒரு நாட்காட்டி ஆண்டில் ஒரே ஒரு போட்டிதான்.

2. மூன்று அலுவலகங்களிலும் உங்கள் நிலையைச் சரிபாருங்கள்

பணியகத்துக்கு விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். தன்னார்வலர்கள் நடத்தும் அமைப்புகளில் செயலாளரும் பொருளாளரும் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். மின்னஞ்சல் முகவரி ஒருவரிடமும் கடவுச்சொல் இன்னொருவரிடமும் தங்கிவிடுகின்றன. நினைவூட்டுக் கடிதங்கள் முன்னாள் தலைவரின் வீட்டு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே எல்லாம் சரியாக இருப்பதாக யாராவது உறுதி சொன்னாலும், நீங்களே இணையத்தில் தேடிப் பாருங்கள். மூன்று அலுவலகங்களின் பதிவுகளும் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்தே இருக்கின்றன.

மாநிலச் செயலர் அலுவலகத்தில், எஸ்ஐ-100 என்னும் தகவல் அறிக்கையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் 20 டாலர். வரி அலுவலகத்தில், ஆண்டுதோறும் 199 படிவத்தையோ, வழக்கமான மொத்த வரவு 50,000 டாலருக்குள் இருந்தால் 199என் என்னும் சுருக்கமான மின் அறிவிப்பையோ அனுப்பியிருக்க வேண்டும். அந்த அலுவலகத்தின் இணையதளத்திலிருந்து அமைப்பின் நிலையைக் காட்டும் கடிதத்தை இலவசமாகத் தரவிறக்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அரங்கத்தாரும் புரவலர்களும் கேட்கும்போது அது உதவும்.

மூன்றாவது, அட்டர்னி ஜெனரலின் கீழ் உள்ள அறநிறுவனப் பதிவகம். இங்கே ஆண்டுதோறும் ஆர்ஆர்எஃப்-1 என்னும் புதுப்பிப்புப் படிவத்தை, நிதியாண்டு முடிந்து நான்கு மாதம் பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். டிசம்பரில் கணக்கை முடிக்கும் அமைப்புக்கு மே 15 கடைசி நாள். கட்டணம் அமைப்பின் வருவாயைப் பொறுத்தது: 50,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் 25 டாலர், ஒரு இலட்சம் வரை 50, இரண்டரை இலட்சம் வரை 75, பத்து இலட்சம் வரை 100. தொகை சிறியதுதான், தாமதம்தான் கடிக்கும். பதிவகத்தின் பட்டியலில் உங்கள் அமைப்பின் பெயருக்கு எதிரே ‘நிலுவை’ என்று இருந்தால், அந்த நிலையில் நிதி திரட்டவே உங்களுக்கு அனுமதி இல்லை. போக்கர் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 25 டாலர் என்று ஏறுவதோடு, அதை அமைப்பின் அறநிதியிலிருந்து கட்டவும் கூடாது. தாக்கல் செய்யத் தவறிய பொறுப்பாளர்கள் தம் கைக்காசிலிருந்தே கட்ட வேண்டும். நிலுவையை நீக்கப் பழைய ஆண்டுகளின் படிவங்களையெல்லாம் தேடி எடுத்து அனுப்பி, அவை ஏற்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் அமைப்பு போட்டிக்குத் தேதி குறிப்பதைத் தள்ளிவைப்பதே நல்லது.

3. பத்து விழுக்காட்டுக் கணக்கைப் போடுங்கள்

போட்டியின் மொத்த வருவாயில் குறைந்தது 90 விழுக்காடு நேராக இலாப நோக்கற்ற அமைப்புக்குப் போய்ச் சேர வேண்டும். போட்டியை நடத்தித் தரும் நிறுவனத்துக்கோ ஆட்களுக்கோ கொடுக்கும் ஊதியம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சொந்த இடம் இல்லாத அமைப்பு வாடகைக்கு இடம் எடுத்தால், அந்த இடத்தின் நியாயமான சந்தை வாடகையும் இந்தக் கணக்கிற்குள் வரும். மொத்த வருவாய் என்பது செலவு போக மிஞ்சியது அன்று. நுழைவுக் கட்டணம், மறுநுழைவு, கூடுதல் சில்லுகளுக்கு (ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) வாங்கும் பணம் என்று கைக்கு வந்தது அனைத்தும்.

ஓர் உதாரணக் கணக்கு. எண்பது பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டி வருகிறார்கள்; அவர்களில் நாற்பது பேர் சில்லுகளை இழந்தபின் 50 டாலர் கொடுத்து மறுபடியும் சேர்கிறார்கள். வருவாய் 10,000 டாலர். உங்கள் கையில் செலவுக்கு இருப்பது 1,000 டாலர். மேசை, சில்லு, சீட்டைப் பகிர்ந்து போடும் டீலர்களோடு வரும் ஒரு நிறுவனத்தின் கட்டணத்தையும் சனிக்கிழமை மாலைக்கான அரங்க வாடகையையும் இந்த ஆயிரத்துக்குள் அடக்குவது பெரும்பாலான ஊர்களில் நடக்காத காரியம்.

இதற்கு வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. போட்டியின் வருவாய் அல்லாத வேறு நிதியிலிருந்து நிர்வாகச் செலவுகளைச் செய்ய அமைப்புக்குத் தடை இல்லை. எனவே போட்டி அறிவிப்புக்கு முன்பே புரவலர்களைப் பிடியுங்கள். வீடு விற்பனை முகவர், பல் மருத்துவர், உணவகம் நடத்துபவர் என்று ஆளுக்கொரு மேசையின் பெயரில் நன்கொடை தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தைத் தனிக் கணக்குத் தலைப்பில் வரவு வைத்து, அரங்கம், கருவி வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் அதிலிருந்தே கொடுங்கள். நுழைவுப் பணமும் புரவலர் பணமும் ஒரே தலைப்பில் கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. சாப்பாட்டையும் ஆட்ட நுழைவையும் ஒரே சீட்டாக விற்பதையும் தவிர்க்கச் சொல்வேன். விருந்துக்குத் தனிச் சீட்டு போட்டால் கணக்கு தெளிவாக இருக்கும்.

ஆட்டத்தை நடத்தித் தரும் நிறுவனங்களில் சில ‘வசூலில் இவ்வளவு பங்கு’ என்று பேரம் பேசும். எங்களிடம் வந்த ஒரு விலைப்பட்டியலில் அந்தப் பங்கு மட்டுமே சட்டம் அனுமதிக்கும் மொத்த அளவைத் தாண்டியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பதில் வந்தது. பதிவில் இருப்பது அவர்கள் பெயர் அல்ல, உங்கள் அமைப்பின் பெயர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பங்கு வேண்டாம், நிலையான தொகை சொல்லுங்கள் என்று கேட்பதே எளிது.

4. இடத்தையும் தேதியையும் முடிவு செய்யுங்கள்

ஒரே கட்டடத்தில் ஒரு நாட்காட்டி ஆண்டில் நான்கு போட்டிகளுக்கு மேல் நடக்கக் கூடாது. வெவ்வேறு அமைப்புகள் நடத்தினாலும் நான்குதான்; ஊரகப் பகுதிகளில் மட்டும் பணியகம் முன்கூட்டி ஒப்புதல் அளித்தால் விலக்கு உண்டு. ஆகவே பெயர் பெற்ற அரங்கம், விடுதி மண்டபம் எதுவானாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஆண்டில் அங்கே எத்தனை கேசினோ இரவுகளும் போக்கர் இரவுகளும் நடந்தன, இன்னும் எத்தனைக்குப் பதிவாகியிருக்கிறது என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்த நான்கும் முடிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். பணியகத்தின் ஒப்புதல் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டம் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மாலை ஆறுக்குத் தொடங்கினால் பதினொன்றுக்கு முடிந்தாக வேண்டும். நம் நிகழ்ச்சிகள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அழைப்பிதழில் ஆறு என்று போட்டு ஏழரைக்கு ஆட்டத்தைத் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டி இழுக்கலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. விண்ணப்பத்தில் எழுதிய நேரமே நேரம் என்று வைத்துக்கொண்டு, பந்தய மட்டங்கள் (கட்டாயமாக வைக்க வேண்டிய சில்லுகளின் அளவு) உயரும் வேகத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு மட்டத்துக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் எண்பது பேர் கொண்ட போட்டி ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கும்.

நகர எழுத்தர் அலுவலகத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு தேவை. மாநிலத்தின் பதிவு இருந்தாலும், நகரமோ மாவட்டமோ தனி அனுமதி கேட்கலாம். மது பரிமாறுவதாக இருந்தால் மாநில மதுபானக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒருநாள் உரிமத்தையும் அதற்கான கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரங்கத்தார் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள், தங்கள் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்வார்கள். ஆண்டுக் காப்பீடு ஏற்கெனவே உள்ள அமைப்பு அதன் முகவரிடம் கேட்டால் போதும்.

5. பணியகத்தில் பதிவு செய்யுங்கள்

அமைப்பு ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும், நடத்தப்போகும் போட்டிக்கு முன்கூட்டியே ஒப்புதலும் பெற வேண்டும். ஆண்டுப் பதிவுக் கட்டணமாக 100 டாலர் வரை வாங்கப் பணியகத்துக்குச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. கேட்கப்படும் விவரங்கள் எளியவை: அமைப்பின் பெயர், முகவரி, கூட்டரசு வரி எண், மாநிலச் செயலர் தந்த நிறுவன எண், வரி அலுவலக எண், அறநிறுவனப் பதிவு எண் ஆகிய அடையாள எண்கள், பொறுப்பேற்கும் அலுவலர் ஒருவரின் பெயர், பதவி. பொறுப்பு அலுவலராக, அந்த ஆண்டு முழுவதும் பதவியில் இருக்கப்போகிறவரின் பெயரைக் கொடுங்கள். எல்லாத் தாள்களிலும் அமைப்பின் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ‘சங்கம்’, ‘மன்றம்’ போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதிவைத்திருக்கும் அமைப்புகள் விளக்கக் கடிதம் எழுதியே நாளைக் கழிக்க வேண்டியிருக்கும்.

என் யோசனை இதுதான்: போட்டிக்கு நான்கு அல்லது ஐந்து மாதம் முன்பே இரண்டாம் படியைத் தொடங்குங்கள், மூன்று மாதம் முன்பே பணியகத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள், எழுத்தில் ஒப்புதல் வரும்வரை சீட்டு விற்பனையைத் தொடங்காதீர்கள்.

கருவி வாடகைக்குத் தரும் நிறுவனமும் பணியகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்களின் பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, நடப்பு ஆண்டுக்கு உரியதா என்று பாருங்கள்.

எந்த ஆட்டம் என்பதையும் விண்ணப்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் என்றால் குழப்பம் இல்லை. தீபாவளிக்கு வீட்டில் ஆடுவதுபோல மூன்று சீட்டோ ரம்மியோ வைக்கலாம் என்று யாராவது சொன்னால், பணியகத்தைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். காசு போட்டு ஆடும் எந்திரங்கள் எந்த வடிவத்திலும் கூடாது. இணையம் வழியாகப் போட்டியை நடத்தவும் கூடாது.

6. பரிசுகளைத் திரட்டுங்கள்

ரொக்கப் பரிசு கிடையாது. சில்லுகளைப் பணமாக மாற்றித் தரவும் கூடாது. வெற்றி பெற்றவருக்கு, நன்கொடையாக வந்த பொருள்களிலிருந்து ஒரு பரிசு கொடுக்கலாம். ஒரு பரிசின் மதிப்பு 500 டாலரையும், அன்றைய மாலையின் மொத்தப் பரிசு மதிப்பு 5,000 டாலரையும் தாண்டக் கூடாது. முதல் பரிசாகச் சென்னைக்குப் போய்வரும் விமானச் சீட்டு என்று அறிவிக்க எல்லாக் குழுவிலும் ஒருவர் ஆசைப்படுவார். 500 டாலருக்குள் அது அடங்காது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அமைப்பே கடையில் வாங்கிப் பரிசாக வைப்பதும் சட்டத்தின் சொற்களுக்குப் பொருந்தாது. எங்கும் செலவழிக்கக்கூடிய வங்கிப் பரிசட்டைகள் ரொக்கத்துக்கு மிக நெருக்கமானவை என்பதால் அவற்றை நான் ஏற்கமாட்டேன். ஒரு குறிப்பிட்ட உணவகத்தின் விருந்து, இசைக் கருவி, சமையல் சாதனம் போன்றவை பாதுகாப்பானவை. ஒவ்வொரு பரிசுக்கும், இன்ன பொருள், இன்ன சந்தை மதிப்பு, நன்கொடையாகத் தருகிறேன் என்று கொடுத்தவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள்.

அதே மாலையில் குலுக்கலும் வைக்க நினைத்தால், அது முற்றிலும் வேறு சட்டம். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 320.5 பிரிவின்கீழ், அறநிறுவனப் பதிவகத்தில் சிடி-என்ஆர்பி-1 படிவத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.  சீட்டு ஒவ்வொன்றிலும் கிழித்தெடுக்கும் துண்டும் இரண்டிலும் ஒரே எண்ணும் இருக்க வேண்டும். இணையத்தில் விளம்பரம் செய்யலாம், சீட்டு விற்கக் கூடாது. வசூலில் பாதி வென்றவருக்கு, பாதி அமைப்புக்கு என்ற குலுக்கல் சாதாரண அமைப்புகளுக்குத் தடை செய்யப்பட்டது. விளையாட்டு அரங்கில் பெரிய அணிகளின் அறக்கட்டளைகள் அப்படி நடத்துவதைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று எண்ணிவிட வேண்டாம், அவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

7. அன்றைய மாலை

ஆடுபவர்கள் 21 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். பிங்கோவுக்கு 18 போதும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வாசலில் ஒருவர் அடையாள அட்டையைப் பார்த்துக் கையில் பட்டை கட்டட்டும். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று விடாதீர்கள். பணம் வாங்கும் மேசையில் இருவர் இருக்கட்டும், மறுநுழைவு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட இரசீது கொடுக்கட்டும்.

டீலர்களாகத் தன்னார்வலர்களையே அமர்த்துவதில் வரி ஆதாயமும் உண்டு. ஆட்டத்தால் வரும் வருவாய் அமைப்பின் நோக்கத்தோடு தொடர்பற்ற வணிக வருவாயாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகலாம்; வேலை கிட்டத்தட்ட முழுவதையும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் செய்தால் அதற்கு விலக்கு உண்டு. டீலர் வாங்கும் டிப்ஸும் ஊதியமாகவே எண்ணப்படும் என்பதால் மேசைகளில் டிப்ஸ் குவளை வைக்க விடாதீர்கள்.

நுழைவுக் கட்டணத்துக்கு நன்கொடை இரசீது கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். பரிசு வெல்லும் வாய்ப்புக்காகக் கொடுத்த பணம் வரிவிலக்குக்குரிய நன்கொடை ஆகாது. அதைச் சீட்டிலேயே அச்சிட்டுவிட்டால் வாக்குவாதம் மிச்சம். அதே காரணத்தால், வேலை செய்யும் நிறுவனத்திடமிருந்து இணைநன்கொடை (ஊழியர் கொடுத்ததற்கு ஈடாக நிறுவனமும் தருவது) பெறவும் அந்தத் தொகையைக் காட்ட வேண்டாம்.

8. முடிந்த பின் வைத்திருக்க வேண்டிய கணக்கு

சட்டம் கேட்கும் பதிவுகள் இவை: வரவுகளின் விவரப் பட்டியல்; நேரடிச் செலவுகளின் விவரப் பட்டியல்; நிகரத் தொகை யாருக்குப் போனது, அவர்களின் முகவரி, எந்த நோக்கத்துக்கு; கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை; கொடுத்த பரிசுகளின் பட்டியல்; தேதி, நேரம், இடம். இவற்றைப் போட்டி முடிந்த வாரத்திலேயே ஒரே கோப்பாகத் தொகுத்துவிடுங்கள். குலுக்கலும் நடத்தியிருந்தால் அதற்கான சிடி-என்ஆர்பி-2 அறிக்கையை உரிய கெடுவுக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆண்டில் ஆட்டங்களால் வந்த மொத்த வருவாய் 15,000 டாலரைத் தாண்டினால், கூட்டரசு வரித்துறைக்கு ஆண்டுதோறும் அனுப்பும் 990 அல்லது 990-இஇசட் படிவத்தோடு ஜி அட்டவணையின் மூன்றாம் பகுதியையும் நிரப்ப வேண்டும். போட்டி, குலுக்கல், பிங்கோ எல்லாம் சேர்த்தே இந்த எல்லை. கணக்காளரிடம் அந்தக் கோப்பை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். அதே மாதத்தில் புதிய ஆண்டுக்கான பணியகப் பதிவையும் தொடங்கிவிட்டால், அரங்கத்தில் நான்கில் ஓர் இடம் உங்களுக்குக் கிடைக்கும்.